மூன்றாம் நம்பர் பிளக்

விசாகப்பட்டினம்
17-11-1968

அன்புள்ள ஐரீனுக்கு, லியோனார்ட் எழுதுவது.

நல்லபடியாக வந்து சேர்ந்து வேலையிலும் உட்கார்ந்துவிட்டேன். துறைமுகத்தை ஒட்டிய கப்பல் ரிப்பேர் ஒர்க்‌ஷாப். என்ஜின் ஒவ்வொன்றும் நம் வீடு உயரம். இங்கே சாப்பாட்டில் போடுகிற மிளகாய்க்கு, காசிமேட்டு மீன் குழம்பிலேயே வளர்ந்த எனக்கும் கண்ணில் தண்ணீர் வருகிறது.

நான் கோபித்துக்கொண்டு ஓடிவிட்டேன் என்று தெருவில் பேசுவார்கள். பேசட்டும். நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் இன்னொரு தரம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரேஸ் காருக்கு இரண்டு ஜாதி ஸ்பார்க் பிளக் வேண்டும். ராயபுரத்திலிருந்து சோழவரம் ரேஸ் மைதானம் வரை ரோட்டில் ஓட்டிப்போக ஒன்று. அங்கே போனதும் அதைக் கழற்றிவிட்டு, நூறு மைல் வேகத்துச் சூட்டைத் தாங்குகிற இன்னொன்றைப் போட வேண்டும். இந்த ரேஸ் பிளக்கைப் போட்டபின் வண்டியைச் சும்மா உறுமவிட்டு நிறுத்தக் கூடாது. கரி படிந்து, நனைந்து, செத்துப்போகும். இதை முதலாளி குணசேகரனிடம் மூன்று தரம் சொன்னேன். யானைக்கவுனி பருப்பு மண்டிக்காரர் மகன் அல்லவா, புறப்படுகிற கோட்டில் என்ஜினை உறுமவிட்டபடி நின்றுகொண்டு தெரிந்த முகத்துக்கெல்லாம் கை ஆட்டிக்கொண்டிருந்தார். கொடி விழுந்தது. எல்லா வண்டியும் போயிற்று, நம் வண்டி மட்டும் நின்றது. அத்தனை பேர் முன்னால், "நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா? போய் மீன் வில்லு" என்றார். ஸ்பானரை அவர் காலடியில் போட்டுவிட்டு நடந்தேன்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். மறு வாரமே நம் வீட்டுப் பின்னால், நம் ஷெட்டுக்குள், என் பெஞ்சில், புது மெக்கானிக் என்று அந்த வேலப்பனைக் கொண்டுவந்து உட்காரவைத்தாரே, அதைத்தான் வயிறு தாங்கவில்லை.

ஷெட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடாதே. குணசேகரனுக்கு வாடகைக்கு விட்டது விட்டபடியே இருக்கட்டும். வண்டி நம் கண்ணெதிரில் நிற்க வேண்டும். எனக்கு ஒரு காரியம் செய். வேலப்பன் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்ததும் பிளக் நாலையும் கழற்றுவான். எங்கே வைக்கிறான் என்று பார். பிளக்கின் நுனியில் கம்பியைச் சுற்றிக் கொஞ்சம் பீங்கான் தெரியும். அது என்ன நிறம் என்று எழுது. அதை வைத்து அந்த என்ஜினுக்குள் நடக்கிறதை இங்கிருந்தே சொல்லிவிடுவேன்.

பிலோமிக்கு என் முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்.

லியோனார்ட்


ராயபுரம், சென்னை-13
25-11-1968

பிலோமி அப்பாவுக்கு, ஐரீன் எழுதிக்கொள்வது.

இன்லண்டில் மடிப்பில்கூட இடம் விடாமல் எழுதியிருக்கிறீர்கள். அத்தனை வரியும் அந்தச் சிவப்பு வண்டியைப் பற்றித்தான். கடைசியில் பிலோமிக்கு ஒரு முத்தம், எனக்கு "உடம்பைப் பார்த்துக்கொள்." குழாயடியில் பக்கத்து வீட்டுப் பூமாரி கேட்டாள், "இன்னாடி ஐரீன், வூட்டுக்காரு லெட்டர்ல ஒன்னிய விசாரிச்சாரா, காரை விசாரிச்சாரா?" என்று. "என்னியத்தான்" என்று சொல்லிவைத்தேன். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் அந்தப் பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

எனக்குப் பொறாமைதான். சொல்வதற்கு என்ன வெட்கம்? அந்தச் சிவப்பி நம் ஷெட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. அதற்குமுன் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீங்களும் நானும் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருவோம். அவள் வந்தபிறகு ஒரு நாள் உண்டா? பூசை முடிந்ததும் கோயில் உடுப்போடு வண்டிக்கடியில் படுத்துவிடுவீர்கள். அவள் மட்டும் ஒரு மனுஷியாக இருந்திருந்தால் கொண்டையைப் பிடித்து இழுத்து நாலு தெரு பார்க்கச் சண்டை போட்டிருப்பேன். இரும்போடு என்ன சண்டை போடுவது?

கேட்டீர்களே என்று பார்த்தேன். வேலப்பன் பிளக்குகளைச் சுவரோரம் வரிசையாக நிறுத்தி வைக்கிறார். பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று சாக்கட்டியால் நம்பர் போட்டிருக்கிறார். நாலும் ஒரே நிறம். டீயில் நனைத்த பொறை பிஸ்கட் இருக்குமே, அந்த இளம் பழுப்பு நிறம்.

ஆள் நாகர்கோவில் பக்கம். அதிகம் பேச்சில்லை. தினமும் வந்ததும் வாசலில் நின்று, "அக்கா, வண்டிய ஸ்டார்ட் பண்ணப் போறேன், பிள்ள உறங்குதா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஷெட்டுக்குள் போகிறார். இந்த நாலு வருஷத்தில் நீங்கள் ஒரு தரமாவது கேட்டிருக்கிறீர்களா? அப்படிக் கேட்கிறவருக்குக் காபி கொடுக்காமல் இருக்க முடியுமா? கொடுக்கிறேன்.

பிலோமிக்கு ஜனவரி பன்னிரண்டாம் தேதி புதுநன்மை. ராயப்பர் கோயிலில் முப்பது பிள்ளைகள் முதல் தரமாக நற்கருணை வாங்குகிறார்கள். அப்பா வருவார் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். வந்துவிடுங்கள்.

ஐரீன்


விசாகப்பட்டினம்
3-12-1968

அன்புள்ள ஐரீனுக்கு,

பொறை நிறம் என்று எழுதியிருக்கிறாய். நன்றாகப் பார்த்தாயா? வெளிச்சத்தில் கொண்டுவந்து பார்த்தாயா? ஏன் கேட்கிறேன் என்றால், அதுதான் சரியான நிறம். கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக இருந்தால் என்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்கிறது. பொறை நிறமாக இருந்தால் பெட்ரோலும் காற்றும் பிளக்கும் எல்லாம் பொருந்தியிருக்கிறது. அந்த நிறத்தைக் கொண்டுவர எனக்கு ஆறு மாசம் பிடித்தது. அவனுக்கு ஒரே மாசத்தில் வந்துவிட்டதா? குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த கதையாக இருக்கும். அடுத்த தரமும் பார்த்து எழுது.

காபி கொடுப்பதாக எழுதியிருக்கிறாய். கொடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த டம்ளரில் கொடுக்கிறாய்? வாசலில் நின்று குடிக்கிறானா, உள்ளே வந்து குடிக்கிறானா? சும்மாதான் கேட்கிறேன்.

புதுநன்மைக்கு லீவு கேட்டுப் பார்க்கிறேன்.

லியோனார்ட்


ராயபுரம், சென்னை-13
16-12-1968

பிலோமி அப்பாவுக்கு,

உங்கள் பித்தளை டம்ளரில்தான் கொடுக்கிறேன். ஷெட் வாசலில் நின்றுதான் குடிக்கிறார். குடித்துவிட்டுத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகிறார். போதுமா? சும்மா கேட்டதற்குச் சும்மா பதில்.

உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன், ஆனால் மனசு ஆறவில்லை. போன வாரம் எனக்கு நாலு நாள் ஜுரம். எழுந்து நிற்க முடியவில்லை. பூமாரிதான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். டாக்டர் எழுதிய மருந்து இந்தப் பக்கம் எந்தக் கடையிலும் இல்லை. வேலப்பன் டோல்கேட் வரை சைக்கிளில் போய் வாங்கிவந்தார். படுத்தபடியே உங்கள் கடிதத்தை எடுத்துப் படித்தேன். டம்ளர் வரைக்கும் விசாரித்தவருக்கு, நீ எப்படியிருக்கிறாய் என்று ஒரு வார்த்தை வரவில்லையே என்று அழுகை வந்தது.

பிளக்கு இப்போதும் பொறை நிறம்தான். வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நாலும் அப்படியே.

பிலோமிக்கு வெள்ளைக் கவுன் நானே தைக்கிறேன். துணி பழைய துணி, ஆனால் நல்ல துணி. சலவைச் சோடாவில் நனைத்து வெளுத்து எடுத்தால் புதுசாகிவிடும். லீவு கிடைத்ததா என்று ஒரு வரி போடுங்கள். குழந்தை தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

ஐரீன்


விசாகப்பட்டினம்
2-1-1969

அன்புள்ள ஐரீனுக்கு,

ஜுரம் என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. இப்போது எப்படியிருக்கிறது? கேட்காமல் விட்டது தப்புதான். ஆனால் மருந்தை அவன் போய் வாங்கிவந்தான் என்று படித்ததும், உன் ஜுரத்தைவிட அதுதான் இரண்டு நாள் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

புதுநன்மைக்கு வர முடியாது. லீவு கேட்டேன். கப்பல் ஒன்று ரிப்பேருக்கு வந்து நிற்கிறது, இப்போது யாருக்கும் கிடையாது என்று போர்மேன் சொல்லிவிட்டார். பிலோமியிடம் பக்குவமாகச் சொல். அவளுக்கு ஒரு முழம் லேஸ் வாங்கி இதோடு வைத்திருக்கிறேன், கவுனில் வைத்துத் தை.

பிளக் விஷயம். நீ பார்த்துச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. நானே என் கண்ணால் பார்க்க வேண்டும். என் சிநேகிதன் லியாகத் அலி லாரி எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறான். அடுத்த தரம் கழற்றியதில் மூன்றாம் நம்பர் பிளக்கை மட்டும் அவனிடம் கொடுத்தனுப்பு. அந்த என்ஜினில் மூன்றாவது சிலிண்டர்தான் முதலில் சூடாகும். தப்பு இருந்தால் அதில்தான் தெரியும்.

லியோனார்ட்


ராயபுரம், சென்னை-13
14-1-1969

பிலோமி அப்பாவுக்கு,

புதுநன்மை நல்லபடியாக முடிந்தது. லேஸ் வைத்த கவுனில் குழந்தை, சிறகு மட்டும் இல்லாத சம்மனசு மாதிரி இருந்தாள். கோயிலுக்குள் போகுமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் அப்பா மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் கையில் கொடுத்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற அருள்பிரகாசம்கூட ராத்திரி ஷிப்டு முடித்து அப்படியே ஓடிவந்து, கையைக் கழுவிக்கொண்டு தன் மகளுக்குக் கொளுத்தினார். நம் பிள்ளைக்கு நான் கொளுத்தினேன். அவள் திரியைப் பார்க்கவில்லை. கோயில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவால் வர முடியாது என்று முந்தின நாள்தான் விளக்கமாகச் சொல்லியிருந்தேன், அப்படியும் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து, "நைனாவுக்கு அங்க ரொம்ப வேலை கீதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

பிளக்கை லியாகத் அலியிடம் கொடுத்துவிட்டேன். ஒன்று சொல்ல வேண்டும். இது பொறை நிறமாக இல்லை. வெள்ளையாக இருக்கிறது.

ஐரீன்


விசாகப்பட்டினம்
22-1-1969

என் அன்புள்ள ஐரீனுக்கு,

பிளக் வந்தது. வெள்ளை. சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. நான் அன்றைக்கே சொன்னேன் பார். ரோட்டுப் பிளக்கையே ரேஸ் வேகத்துக்கும் போட்டு ஓட்டுகிறான் அந்த மடையன். இப்படியே சோழவரத்தில் விட்டால் இரண்டாவது சுற்றிலேயே பிஸ்டன் உருகி ஓட்டை விழும். வண்டி புகை கக்கிக்கொண்டு நடுவில் நிற்கும். மீன் விற்கப் போகவேண்டியது யார் என்று அப்போது தெரியும்.

ஆனால் நான் அப்படி விடமாட்டேன். பிப்ரவரி ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ரேஸ். நான் ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை காலை மெயிலில் வந்து இறங்குகிறேன். போர்மேன் முடியாது என்றார். கப்பலாவது மண்ணாவது, லீவு தராவிட்டால் இன்றோடு கணக்கை முடியுங்கள் என்று எல்லார் எதிரிலும் சத்தம் போட்டேன். ஆடிப்போய்விட்டார். நாலு நாள் கொடுத்திருக்கிறார்.

நான் வரும்வரை யாரிடமும் மூச்சு விடாதே. வேலப்பனிடம் சொல்லாதே, குணசேகரனிடமும் சொல்லாதே. அவர் ஷெட்டில் நிற்கும்போது இந்தப் பிளக்கை அவர் கையில் நான் வைக்க வேண்டும். அவர் முகம் போகிற போக்கை நான் பார்க்க வேண்டும். இந்த ஊருக்கு வந்தபிறகு இன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

லியோனார்ட்


ராயபுரம், சென்னை-13
28-1-1969

பிலோமி அப்பாவுக்கு,

நீங்கள் வரவேண்டாம்.

அந்தப் பிளக்கை வெள்ளையாக்கினது என்ஜின் இல்லை. நான். கவுனை வெளுத்ததில் மீந்த சலவைச் சோடா இருந்தது. அதைப் போட்டு அடுப்பில் பிளக்கைக் கொதிக்கவைத்தேன். பிறகு பழைய பல் பிரஷ்ஷில் சாம்பல் தொட்டு, அந்தப் பீங்கான் வெளுக்கும்வரை தேய்த்தேன். விரல் தோல் உரிந்துபோயிற்று. தேய்க்கும்போது அந்தச் சிவப்பி மூஞ்சியையே தேய்க்கிற மாதிரி ஒரு திருப்தி. வேலப்பன் கழற்றி வைத்தபோது அதுவும் மற்ற மூன்றும் நல்ல பொறை நிறம்தான்.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். என் ஜுரத்துக்கு நீங்கள் வரவில்லை. பெற்ற பிள்ளையின் புதுநன்மைக்கு வரவில்லை. உங்கள் சிவப்பிக்கு உடம்புக்கு வந்தால் வருவீர்களா என்று பார்க்க நினைத்தேன். மனசுக்குள், வரக்கூடாது மாதாவே என்றுதான் வேண்டிக்கொண்டேன். வராமல் இருந்திருந்தால், பாவம் மனுஷன், வேலைக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். நீங்கள் வருகிறேன் என்று எழுதிவிட்டீர்கள். போர்மேனோடு சண்டை போட்டு வருகிறேன் என்று எழுதிவிட்டீர்கள். அதைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்தேன், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அந்தச் சண்டையை மூன்று வாரம் முன்னால் போட்டிருந்தால் என் பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க மாட்டாள்.

வேலப்பனிடம் நேற்று உண்மையைச் சொல்லிவிட்டேன். பிளக்கை எடுத்தது, தேய்த்தது, உங்களுக்கு அனுப்பினது எல்லாம். மனுஷர் கோபப்படவில்லை. ஷெட் சுவரில் நீங்கள் சாக்கட்டியால் எழுதி வைத்த அளவுகளைக் காட்டினார். "அண்ணன் எழுதி வச்ச அளவுல ஒண்ணையும் நான் மாத்தல்ல அக்கா. பிளக் ஜாதியும் அவரு சொன்னதுதான், நுனியில விடுற இடைவெளியும் அவரு வச்சதுதான். வண்டி நல்லா ஓடுகுன்னா அது அவரு வேலை" என்றார். இதைக் கேட்டு உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்கு ஒன்றும் இல்லை. உங்கள் சிவப்பி நலமாக இருக்கிறாள். அவளைப் பார்க்க வரவேண்டிய அவசியம் இல்லை.

நான் தோற்றுப்போனேன். இதற்கு மேல் என்ன எழுத?

ஐரீன்


விசாகப்பட்டினம்
3-2-1969

ஐரீன்,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போய்வந்தேன். இன்றைக்குத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குத் தெரியும். நீ தேய்த்தது எனக்கு அன்றைக்கே தெரியும். லியாகத் அலி கையிலிருந்து வாங்கினதும் சோடா வாசனை அடித்தது. அவன் பையில் சோப்பு இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திருகு மரையில் பொட்டுக் கரி இல்லை. சூட்டில் வெளுத்த பிளக்கில் நுனிக் கம்பி நீலம் பாரித்திருக்கும், இதில் கம்பி நல்ல நிறமாக இருந்தது. இருபது வருஷம் இந்த வேலை செய்கிறவனுக்கு இது தெரியாமல் போகுமா? கண் பார்த்தது. வயிற்றெரிச்சல் பார்க்கவிடவில்லை. வேலப்பன் தப்புப் பண்ணியிருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. கழுவின பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப் முழுக்கக் காட்டித் திரிந்தேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதைச் சொன்னால் நீ மன்னிக்காமல் போகலாம். புதுநன்மைக்கு நான் லீவு கேட்கவே இல்லை. கேட்டேன் என்று எழுதினது பொய். போர்மேன் நல்ல மனுஷர், கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கொடுத்துவிடுவாரே என்றுதான் கேட்கவில்லை. தோற்று ஓடினவனாகக் கோயில் வாசலில் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. அங்கே அத்தனை பேர் இருப்பார்கள், குணசேகரன் வண்டி எப்படியிருக்கிறது என்று யாராவது கேட்பார்கள் என்று நினைத்தேன். பிலோமி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று நினைக்கவில்லை.

எனக்கு வேலப்பன் மேல்தான் பொறாமை என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். இல்லை. நான் இல்லாமல் வண்டி ஓடுகிறது. நான் இல்லாமல் உன் ஜுரம் இறங்குகிறது. நான் இல்லாமல் மெழுகுவர்த்தி எரிகிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் என் அளவுகளை மாற்றவில்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துச் சந்தோஷப்படவில்லை. அவன் முகத்தில் எப்படி விழிப்பது என்றிருக்கிறது.

நீ வரவேண்டாம் என்று எழுதிவிட்டாய். உன் பேச்சைக் கேட்டுப் பழக்கமில்லாதவன், இதிலும் கேட்கப்போவதில்லை. ஆனால் இன்று காலை போர்மேனிடம் போய் லீவை மாற்றி எழுதிக் கொடுத்தேன். ரேஸ் ஞாயிற்றுக்கிழமைதானே, அதற்காகத்தானே அந்தக் கூத்து அடித்தாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவருக்குப் புரியவில்லை, பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே ரயிலேறுகிறேன். திங்கட்கிழமை காலை வீட்டில் இருப்பேன். முதலில் உன்னிடமும் பிலோமியிடமும் பேச வேண்டும். பிறகு வேலப்பன் வந்தால், நானே அவனுக்குக் காபி கொடுக்கிறேன்.

ரேஸில் யார் ஜெயித்தார்கள் என்று நான் கேட்கமாட்டேன். வாய் தவறிக் கேட்டுவிட்டாலும், நீ சொல்லாதே.

லியோனார்ட்